இடுப்புக் கம்பி

நான் வேலை பார்க்கும் பொறியியல் கல்லூரியில் தொழில்முனைவு என்று ஒரு பாடம் உண்டு. அதை நடத்த யாரும் முன்வராததால், ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வந்த என் தலையில் கட்டிவிட்டார்கள். ஒரு நாடு தொழில்முனைவையும் புதுமையையும் எப்படி வளர்க்கலாம் என்பது அதில் தவறாமல் வரும் கேள்வி. பிள்ளைகளும் தவறாமல் ஒரே விடையை எழுதுவார்கள். சுலபமான கடன், வரிச்சலுகை, ஆராய்ச்சிக்கூடம், காப்புரிமை, தோற்றாலும் துவளாத மனசு. நானும் வரிக்கு வரி சரி போட்டு மார்க் கொடுத்துவிடுவேன். எனக்கு இதில் பேச வேறு விஷயம் இருக்கிறது, ஆனால் அதைப் பரீட்சையில் கேட்க முடியாது.

என் வீட்டுக்காரர் கோயமுத்தூரில், கணபதி பக்கம், ஒரு சின்னப் பட்டறை வைத்திருக்கிறார். இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு வெல்டிங் செட். மோட்டார் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பதுதான் பிழைப்பு. அவர்கள் படம் அனுப்புவார்கள், இவர் அதன்படி கடைந்து கொடுப்பார். படத்திலேயே தப்பு இருந்தாலும் அந்தத் தப்போடுதான் கடைய வேண்டும். சரிசெய்து அனுப்பினால் ‘அளவு மாறியிருக்கிறது’ என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஊரில் இப்படி எத்தனையோ பட்டறைகள். ஓடுகிற வண்டி, ஓடுகிற பம்ப்பு எல்லாவற்றிலும் இவர்கள் கடைந்தது ஏதாவது ஒன்று இருக்கும். எதிலும் இவர்கள் பெயர் இருக்காது.

“அடுத்தவன் போட்ட கோட்டு மேலயே எத்தன நாளைக்கு அம்மணி நடக்கறது? இது இன்னார் செஞ்ச மெஷினுன்னு நாலு பேரு சொல்லோணும். ஒண்ணே ஒண்ணு போதும்” என்பார். சாப்பிடும்போது சொல்வார், வண்டி ஓட்டும்போது சொல்வார். பெண் பார்க்க வந்த அன்றைக்கே என் அப்பாவிடம் சொன்னவர்தான். எனக்குக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனது. ஆனால் அவருக்கு அது அலுக்கவே இல்லை. அந்த ஒரு ஆசையைத் தவிர அவருக்குப் பெரிதாக ஆசைகள் கிடையாது. நல்ல சட்டை வாங்கிக் கொடுத்தால் அதையும் பட்டறைக்குப் போட்டுக்கொண்டு போய் எண்ணெய் ஆக்கிக்கொண்டு வருவார்.

உடுமலைப்பேட்டை பக்கம் எங்கள் ஒறம்பரை, அதாவது சொந்தக்காரர், ஒருவருக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தபோது, தோப்பில் மலைபோல் குவிந்து கிடந்த மட்டைகளை இவர் பார்த்தார். அவற்றைத் தூளாக்கி மரத்தடியில் போட்டால் ஈரம் நிற்கும், உரமும் ஆகும். அதற்கு மெஷின்கள் ஏற்கெனவே உண்டு. ஆனால் பெரியவை, டிராக்டரில் மாட்டி ஓட்ட வேண்டியவை. அதோடு மட்டையின் நார் உள்ளே உருளையில் சுற்றிக்கொள்ளும். சுற்றினால் நிறுத்தி, கத்தி வைத்து அறுத்து எடுக்க வேண்டும். அரை மணி நேரம் ஓட்டினால் அரை மணி நேரம் நார் அறுக்க வேண்டும். இவர் விசேஷச் சாப்பாட்டைக்கூடச் சரியாகச் சாப்பிடாமல், அந்தக் குவியலையே சுற்றிச் சுற்றி வந்தார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, இனி ஞாயிற்றுக்கிழமை நமக்கு இல்லை என்று.

அப்படித்தான் ஆனது. வருஷக்கணக்கில் ஞாயிறுதோறும் அந்தத் தோப்புக்குப் போனார். இரண்டு பேர் தள்ளிக்கொண்டு போகிற மாதிரி சின்ன மெஷின். உள்ளே நார் சுற்றச் சுற்ற அதை வழித்துத் தள்ளும் சீப்பு மாதிரி ஒரு தகடு. அந்தச் சீப்பின் பல்லுக்கும் பல்லுக்கும் எத்தனை இடைவெளி விடுவது என்பதற்கே ஒரு வருஷம் போனது. கூட்டினால் நார் தங்கியது, குறைத்தால் பல் ஒடிந்தது. எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒடிந்த தகடுகள் ஒரு மூட்டை கிடந்தன.

தோப்பில் குடியிருந்து வேலை பார்த்த புருஷன் பெண்டாட்டி இருவரும்தான் இவருடைய சோதனைக்கு ஆட்கள். அவளுக்கு என் வயசு இருக்கும். மட்டையை எடுத்து மெஷின் வாயில் கொடுப்பது அவள் வேலை. ‘நல்லா இருக்குதுங்ணா’ என்று ஒப்புக்குச் சொல்கிற ஆள் இல்லை. “இது எங்கூட்டு ஆட்டுக்கல்லு கணக்கா அழுகுதுங்ணா, ஊட்டுக்குக் கொண்டுபோய் வேற கொண்டாங்க” என்று முகத்துக்கு நேராகச் சொல்வாள். இவருக்கு அது பிடித்திருந்தது. வேறு யார் குறை சொன்னாலும் மூக்குக்கு மேல் கோபம் வரும் மனுஷன், அவள் சொன்னால் மட்டும் பேசாமல் ஸ்பேனரை எடுப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய முந்தானை மட்டையோடு சேர்ந்து உருளையில் போகப் பார்த்தது. அவள் புருஷன் ஓடிவந்து கிழித்து எடுத்துவிட்டார். ஒன்றும் ஆகவில்லை. அவளே சிரித்தாள். ஆனால் இவர் அன்று வெளிறிப்போய் வீட்டுக்கு வந்தார். “ரெண்டு கையிலயும் மட்டையப் புடிச்சிருக்கறா. ஸ்விட்ச அமத்த மூணாவது கை வேணும். மூணாவது கைக்கு எங்க போறது?” என்று தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் பதில் கண்டுபிடித்துவிட்டார். மெஷின் வாய்க்கு முன்னால், இடுப்பு உயரத்தில், குறுக்காக ஒரு கம்பி. உடம்பை லேசாகச் சாய்த்து இடுப்பால் அதை அழுத்தினால் பெல்ட் தளரும், அடியிலிருக்கும் பிரேக் கட்டை உருளையைப் பிடித்துக்கொள்ளும். மெஷின் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

கம்பியை எந்த உயரத்தில் வைப்பது என்று கேள்வி வந்தபோது, அவள் இடுப்பு உயரத்தையே அளவாக வைத்துக்கொண்டார். டேப்பைப் பிடித்து அளந்தது அவள் புருஷன். கூச்சத்தில் அவர் டேப்பைத் தள்ளியே பிடிக்க, முதல் அளவு தப்பாகிவிட்டது. அவள், “கட்டி இத்தன வருசமாச்சு, பொண்டாட்டி இடுப்பு எங்கிருக்குதுன்னே தெரியல பாருங்க” என்று சொல்ல, தோப்பே சிரித்தது. நானும் அன்று அங்கே இருந்தேன். அதற்கப்புறம் யார் தோப்புக்கு வந்தாலும் அவள் அதைச் செய்து காட்டாமல் விடமாட்டாள். மெஷினை ஓடவிட்டு, இடுப்பை ஒரு சாய்ப்புச் சாய்ப்பாள். சத்தம் அடங்கும். “பாத்தீங்களா, சாஞ்சா நின்னுரும்” என்பாள். அந்தப் பழக்கம் அவள் உடம்பிலேயே ஊறிப்போனது. நார் எங்கேயாவது சிக்கினால் ஒரு சாய்ப்பு, சிக்கலை இழுத்துப் போடுவாள், நிமிர்ந்தால் மெஷின் மறுபடி ஓடும்.

மெஷின் ஒரு வழிக்கு வந்தபோது ஆயுத பூஜை நெருங்கிவிட்டது. காப்புரிமைக்கு முதலில் பதிவு செய்துவிடலாம் என்று நான் சொன்னேன். பாடம் நடத்துகிறவள் அல்லவா, அந்த மட்டுக்குத் தெரியும். “பூச முடியட்டும் அம்மணி, நல்ல காரியத்த பூச போட்டுட்டு ஆரம்பிக்கலாம்” என்றார்.

எங்கள் தெருக்களில் ஆயுத பூஜை எப்படி நடக்கும் என்பது இங்கே பிறந்தவர்களுக்குத் தெரியும். தீபாவளிக்குக்கூடப் பட்டறை திறந்திருக்கலாம், ஆயுத பூஜைக்கு முதல்நாள் ஒரு லேத் ஓடாது. கழுவித் துடைத்து, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து, வந்தவர்களுக்கெல்லாம் பொரி கொடுத்து அனுப்புவோம். புது மெஷின் செய்தவன் அன்றைக்கு அதைத் தெருவுக்குக் காட்டாமல் இருக்க முடியாது. மூடி வைத்தால் ‘ஏதோ கள்ளத்தனம்’ என்பார்கள். அதைவிட, அந்த மெஷினில் தெருவே இருந்தது. பல் சக்கரம் வெட்டியது எதிர்ப் பட்டறைக்காரர். கத்திகளைப் பழுக்கக் காய்ச்சிப் பதம் கொடுத்தது கோட்டைமேட்டிலிருந்து வரும் பாய். பெயிண்ட் அடித்தது முனையில் இருக்கும் ஆள். அவர்களுக்குக் காட்டாமல் யாருக்குக் காட்டுவது?

பூஜை என்றால் மேலே ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போகிற பழக்கமும் எங்களுக்கு இல்லை. உழைக்கிற ஒவ்வொரு பாகத்துக்கும் சந்தனம் வைக்க வேண்டும். இவர் மூடியைக் கழற்றினார். ஒவ்வொரு கத்திக்கும் ஒரு பொட்டு, உருளைக்கு ஒரு பொட்டு, அந்தச் சீப்புத் தகட்டின் ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு பொட்டு, இடுப்புக் கம்பிக்கு நடுவில் பெரிதாக ஒரு குங்குமம். என் தம்பி செல்போன் கடை வைத்திருக்கிறான். வீடியோ போடுவதில் பித்து. கற்பூரம் காட்டும்போது போனை உள்ளே விட்டு, ஒவ்வொரு பாகமாக நிறுத்தி நிதானமாக எடுத்தான். பக்கத்தில் நின்று இது என்ன, அது எதற்கு என்று இவர் மூச்சுவிடாமல் விளக்கினார். அப்புறம் மட்டை கொடுத்து ஓட்டிக் காட்டினார். அது பூப்போல் தூளாகக் கொட்டியது.

“மச்சான், இது ஒலகம் பூரா தெரியோணும்” என்று தம்பி அன்றைக்கே அதை யூட்யூபில் போட்டுவிட்டான். நெல்லூரிலிருந்து, கொச்சியிலிருந்து, எங்கோ இலங்கையிலிருந்துகூட ஆட்கள் பாராட்டி எழுதினார்கள். இவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக எனக்கு வாசித்துக் காட்டினார். அந்த வாரம் முழுக்க அவர் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை. அதைச் சொல்லிக் கேலியும் செய்தேன்.

தை பிறந்த பிறகுதான் ஆர்.எஸ். புரத்தில் இருந்த பேட்டண்ட் ஏஜென்ட்டிடம் போனோம். பூஜை முடிந்து தோப்புக்குப் போயிருந்த மெஷினை, அளவெடுக்கவும் படம் வரையவும் இவர் மறுபடி பட்டறைக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். ஏஜென்ட் நிதானமான மனுஷர். சீப்புத் தகடுதான் புதுமை, அதைத்தான் பதிவு செய்ய முடியும் என்றார். இடுப்புக் கம்பியைக் காட்டி, “இந்த மாதிரி பெல்ட் பிரேக் பழைய சங்கதிங்க, இத புதுசுன்னு ஏத்துக்க மாட்டாங்க” என்றார். இவரும் தலையாட்டினார். “அது கண்டுபுடிப்பே இல்லீங்களே. அது இல்லாம எப்படீங்க மெஷின குடுக்கறது?” என்றார். வீடியோவைப் பற்றி அவர் கேட்கவில்லை, எங்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை. பூஜை வீடியோவைப் போய் யார் ஏஜென்ட்டிடம் சொல்வார்கள்?

நீண்ட காலம் கழித்துக் காப்புரிமை அலுவலகப் பரிசோதகரின் ஆட்சேபம் வந்தது. இந்தச் சீப்பு அமைப்பு விண்ணப்பத்துக்கு முன்பே பொதுவில் வெளியாகிவிட்டது, ஆகவே புதியது அல்ல என்று எழுதியிருந்தது. ஆதாரமாகக் கொடுத்திருந்தது எங்கள் வீடியோ. சந்தனப் பொட்டு வைத்த தகட்டின் படம் அதில் தெளிவாக இருந்தது. தட்டு ஏந்திய என் கையும் ஓரத்தில் தெரிந்தது.

“இத போட்டது நீங்களேதானுங்களா?” என்று ஏஜென்ட் கேட்டார். குரலில் கோபம்கூட இல்லை. “அரசாங்கம் அறிவிச்ச கண்காட்சியில காட்டியிருந்தா ஒரு வருசம் டைம் இருக்குதுங்க. ஆயுத பூசைக்கு அப்படி ஒண்ணும் இல்லீங்க. மொதல்ல பதிவு, அப்புறந்தான் ஊருக்குக் காட்டோணும்.” பதில் எழுதிப் பார்த்தார், விசாரணைக்கும் போனார். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. சட்டத்தின் மேல் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. பல நாடுகளில் ஏறக்குறைய அதுதான் சட்டம், நானே பாடத்தில் நடத்தியதுதான். ஆனால் அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் புதுமை என்பதை ஒருவன் பூட்டிய அறைக்குள் தனியாக உட்கார்ந்து செய்வான் என்று நினைத்திருக்கிறார்கள். எங்கள் தெருவில் தனியாக ஒரு போல்ட்டு முடுக்கக்கூட இடம் கிடையாது.

தம்பியிடம் நான் ஒரு தீபாவளி முழுக்கப் பேசவில்லை. இவர்தான் அவனை வீட்டுக்குக் கூட்டிவந்து உட்கார வைத்துச் சோறு போட்டார். “உடு மாப்ள, வெசனப்படாத. நாந்தான பல்லு பல்லா வெளக்கிச் சொன்னேன்” என்றார். அவன் தலையைத் தூக்காமல் சாப்பிட்டுவிட்டுப் போனான். மெஷினை இவர் தார்ப்பாய் போட்டு மூடிப் பட்டறை மூலையில் தள்ளிவிட்டார். தோப்புக்குத் திருப்பி அனுப்பலாமே என்றேன். பார்க்கலாம் என்றார். பிறகு அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. மறுபடியும் ஷாஃப்ட், மறுபடியும் யாரோ போட்ட படம்.

அந்த வருஷம் அவரைக் கல்லூரிக்கு அழைத்து மாணவர்களிடம் பேச வைத்தேன். மனசு கொஞ்சம் தேறும் என்று நினைத்தேன். நன்றாகத்தான் பேசினார். கடைசியில் ஒரு பெண் எழுந்து, “சார், உங்க கண்டுபிடிப்ப எப்படிப் பாதுகாத்தீங்க?” என்று கேட்டாள். இவர், “பாதுகாக்கலீங்க கண்ணு. பொட்டு வெச்சேன்” என்றார். அரங்கமே சிரித்தது. அவரும் சிரித்தார். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஆடியில் அவிநாசி ரோட்டில் விவசாயக் கண்காட்சி போட்டிருந்தார்கள். போகலாம் என்றார், போனோம். ஒரு ஸ்டாலில் எங்கள் மெஷின் நின்றுகொண்டிருந்தது. பச்சை பெயிண்ட், பளபளவென்று ஸ்டிக்கர், வெளியூர்க் கம்பெனி ஒன்றின் பெயர். அதே உயரம், அதே வாய், உள்ளே அதே சீப்பு. இவர் அதைச் சுற்றி வந்தார். குனிந்து உள்ளே பார்த்து, “பல்லு இடவெளி தப்பு, நாரு நிக்கும்” என்றார். பிறகு நேராக நின்று இடுப்பைக் கம்பியில் சாய்த்தார். அது அசையவில்லை. இன்னொரு தடவை பலமாகச் சாய்ந்தார். அது இரண்டு பக்கமும் வெல்டிங் வைத்து ஒட்டிய வெறும் குழாய்.

“தம்பி, இது எதுக்குங்க?” என்று ஸ்டாலில் நின்ற பையனிடம் கேட்டார்.

“அது கைப்பிடிங்க சார். மெஷின தள்றதுக்கு.”

அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. அவர்கள் வீடியோவைப் பார்த்து மெஷின் செய்திருக்கிறார்கள். வீடியோவில் பொட்டு வைத்த கம்பி தெரிந்தது, கம்பியைச் செய்துவிட்டார்கள். அடியில் இருந்த பிரேக் கட்டைக்கு அன்று யாரும் குனிந்து பொட்டு வைக்கவில்லை. ஓட்டிக் காட்டும்போது இடுப்பைச் சாய்த்துக் காட்டவும் இவருக்குத் தோன்றவில்லை. சீப்பின் பெருமையிலேயே இருந்தார்.

இவர் அந்தப் பையனுக்கு விளக்க ஆரம்பித்தார். அவன் ஒரு விசிட்டிங் கார்டை நீட்டி, ஆபீஸில் பேசுங்கள் என்றான். வீட்டுக்கு வந்ததும் பேசினார். அடுத்த நாளும் பேசினார். பிரேக் அமைப்பைப் படமாக வரைந்து, அளவெல்லாம் போட்டு, சீப்புக்குச் சரியான இடைவெளியும் எழுதி, அந்தக் கம்பெனிக்கு அனுப்பி வைத்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

“திருடினவனுக்கே மிச்சத்தையும் எடுத்துக் குடுப்பீங்களா? உங்குளுக்குக் கொஞ்சமாவது சூடு சொரணை இருக்குதுங்களா?”

“அம்மணி, அந்த மெஷினு முன்னால நிக்கப்போறது கம்பெனிக்காரன் பொண்டாட்டி இல்ல” என்றார்.

நான் சமாதானம் ஆகவில்லை. அன்றைக்குக் கோபப்பட்டது தப்பு என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை. அங்கிருந்து ஒரு பதிலும் வரவில்லை. போனில் பேசிய ஒருவர், உங்கள் ஆலோசனைக்கு நன்றி, டிசைன் டீமிடம் சொல்கிறோம் என்றாராம். டிசைன் டீம் என்ற வார்த்தையைச் சொல்லும்போது இவர் சிரித்தார். எங்களுக்கு வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. அந்தப் பச்சை மெஷினை விற்கும் டீலரிடம் போய்ச் சொன்னார். விற்க வந்த மெஷினைப் பற்றிப் பொறாமையில் பேசுகிறார் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

உடுமலைப்பேட்டைத் தோப்புக்காரர் அந்தப் பச்சை மெஷினை வாங்கியது எங்களுக்குத் தெரியாது. எங்களுடையது திரும்பி வரும் வரும் என்று பார்த்துச் சலித்துப்போய் வாங்கியிருக்கிறார். எங்களிடம் சொல்ல அவருக்குச் சங்கடம். நடந்த சேதியும் அவர் மூலமாக எங்களுக்கு வரவில்லை. அந்தப் பெண்ணின் புருஷன்தான் ஒரு காலையில் டெம்போவில் மெஷினை ஏற்றிக்கொண்டு பட்டறை வாசலில் வந்து இறங்கினார். சனிக்கிழமை, எனக்குக் கல்லூரி இல்லை, பட்டறைக் கணக்கைப் பார்க்க நானும் அங்கே இருந்தேன். டேப்பைப் பிடிக்கக் கூச்சப்பட்ட அந்த மனுஷனை எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. அவ்வளவு இளைத்திருந்தார்.

உள்ளே வரச் சொன்னோம். வரவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னார். இவருடைய மெஷின்தான் கம்பெனிப் பெயிண்ட்டில் வந்திருக்கிறது என்று நம்பி, அன்றைக்குத்தான் முதல்தடவை ஓட்டியிருக்கிறார்கள். நார் சிக்கி உருளை தானாக நின்றிருக்கிறது. மோட்டார் உறுமிக்கொண்டிருந்திருக்கிறது. அவள் வழக்கம்போல் இடுப்பைக் கம்பியில் சாய்த்திருக்கிறாள். உருளைதான் ஏற்கெனவே நிற்கிறதே, தன்னால்தான் நின்றது என்று நினைத்துக் கையை விட்டு நாரை இழுத்திருக்கிறாள். நார் வந்தது. உருளை விடுபட்டுச் சுற்றியது. வலது கை. உடுமலையிலிருந்து கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து, மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். இங்கேதான், எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில்தான், அவள் இத்தனை நாளும் படுத்துக் கிடந்திருக்கிறாள்.

கையைத் துடைத்துக்கொண்டிருந்த வேஸ்ட் துணியைக் கீழே போட்டுவிட்டு இவர் வாசலுக்கு இறங்கினார்.

“ஏனுங்ணா, சாஞ்சா நிக்கும்னு நீங்கதானுங்க சொல்லிக் குடுத்தீங்க” என்றார் அந்த மனுஷன். திட்டுகிற குரலாக இல்லை. உண்மையிலேயே கேட்கிற குரலாக இருந்தது. “சாஞ்சுட்டுத்தானுங்க கைய வெச்சா. நான் பாத்துட்டுத்தான் இருந்தேன். நல்லாத்தான் சாஞ்சா. ஆஸ்பத்திரிலயும் அதையேதான் சொல்றா. அண்ணன் மெஷினு, அப்படி ஆகாதுங்கறா. நான் சரியா சாஞ்சிருக்க மாட்டேன், எம்மேலதான் தப்புங்கறா.” டெம்போவைக் காட்டினார். “அதுக்குத்தானுங்க எடுத்தாந்தேன். நீங்களே பாத்துச் சொல்லுங்க. இது உங்க மெஷினுதானுங்களே?”

நான் முந்திக்கொண்டேன். “இல்லீங்க, இது எங்குளுது இல்லீங்க. இது வேற கம்பெனிக்காரன் பாத்துச் செஞ்சது. பேட்டண்ட்டே எங்குளுக்குக் குடுக்கல, வேணும்னா பேப்பர காட்டறேன்...”

“ஆமாங்க” என்றார் இவர். “என்ற மெஷினுதான்.”

நான் திரும்பி அவரைப் பார்த்தேன். அந்தப் பெயரைப் பரிசோதகர் தரவில்லை, கம்பெனி தரவில்லை, கண்காட்சியில் ஒருவரும் அவரைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. வாழ்நாளெல்லாம் அவர் காத்திருந்த கேள்வியை ஒரு மனுஷன் வந்து வாசலில் நின்று கேட்டார், அதற்கு இல்லை என்று சொல்ல அவரால் முடியவில்லை. எனக்கு அவர் மேல் வந்த ஆத்திரத்தைச் சொல்ல முடியாது. அழுகையும் வந்தது.

“அவ நல்லாத்தான் சாஞ்சா” என்று இவர் அந்த மனுஷனிடம் சொன்னார். “அவமேல தப்பு இல்லீங்க. அந்தக் கம்பி ஏமாத்திப்போடுச்சு. இத அவகிட்ட நானே வந்து சொல்றேன்.”

அந்த மனுஷன் தலையை ஆட்டினார். டெம்போவின் பின்கதவைத் திறந்து மெஷினை இறக்கப் பார்த்தார்கள். இரண்டு பேருக்கும் கை ஒத்துவரவில்லை. கணக்கு நோட்டைக் கீழே வைத்துவிட்டு, நானும் போய் ஒரு பக்கம் பிடித்தேன்.